பூட்டு ஆயுதம், கள்ளச்சாவி சரக்கு: ஏற்றுமதிப் பட்டியல்களைப் பிரதியாக வாசித்தல்

1

அரசாங்கங்கள் எழுதும் பிரதிகளில் நம்மவர்கள் வாசிக்காமல் விடுவது பட்டியல்களை. சட்டங்களைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துகிறோம், அரசாணைகளைத் தெருவில் போட்டுக் கொளுத்துகிறோம். பட்டியலோ பின்னிணைப்பாக, எண்போட்ட அயிட்டங்களாக, கிளார்க்குகளும் கப்பல் ஏஜெண்டுகளும் பார்க்கிற சமாச்சாரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. எந்தப் பொருளை எதற்குப் பக்கத்தில் வைப்பது என்று தீர்மானிக்கும்போதே அதன் அர்த்தமும் தீர்மானமாகிவிடுகிறது. அன்பின் ஐந்திணையைக் கைக்கிளை, பெருந்திணையிலிருந்து கோடு போட்டுப் பிரித்த மரபிலிருந்து வருகிற நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அமெரிக்க வெளியுறவுத்துறையின் பொறுப்பில் ‘போர்த்தளவாடப் பட்டியல்’ என்று ஒன்று உண்டு. பீரங்கி, போர்க்கப்பல், ஏவுகணை, நச்சுவாயு எல்லாம் அதில் வகைவாரியாக இருக்கும். அதிலுள்ள ஒன்றை அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியே அனுப்பினால் ஆயுதக் கடத்தல். 1996 முடியும்வரை இதே பட்டியலின் 13ஆம் வகையில் மறையாக்க மென்பொருளும் இருந்தது. மறையாக்கம், அதாவது என்கிரிப்ஷன், ஒரு பூட்டு. எழுத்தை எண்ணாக்கி, ‘சாவி’ எனப்படும் இன்னொரு எண்ணோடு சேர்த்துக் கலைத்துவிடுவது; சாவி உள்ளவருக்குத்தான் பழைய எழுத்து திரும்பக் கிடைக்கும். ஒரு கடிதத்தைப் பூட்டுகிற வேலையைப் பீரங்கிக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள்.

1994இல் நடந்த ஒன்றைச் சொன்னால் இந்தப் பட்டியலின் தர்க்கம் விளங்கும். ப்ரூஸ் ஷ்னையர் மறையாக்க முறைகளைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். அதன் பின்பகுதியில் மென்பொருளின் மூல வரிகள் அப்படியே அச்சாகியிருந்தன. இந்தப் புத்தகத்தை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று ஃபில் கார்ன் என்ற பொறியாளர் வெளியுறவுத்துறையைக் கேட்டார். தாராளமாக, அது எங்கள் அதிகாரத்தில் வராது என்று பதில் வந்தது. அதே வரிகளைப் பிளாப்பியில் போட்டு அனுப்பலாமா என்று அடுத்துக் கேட்டார். கூடாது, அது போர்த்தளவாடம் என்று பதில் வந்தது. எழுத்துக்கு எழுத்து ஒரே பிரதிதான். தாளில் இருந்தால் நூல், காந்தத் தட்டில் இருந்தால் ஆயுதம்.

இதை அதிகார வர்க்கத்தின் மடத்தனம் என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. தாளிலிருந்து மறுபடி தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இயக்கிப் பார்க்க உழைப்பும் படிப்பும் வேண்டும். தட்டில் இருப்பதை யார் வேண்டுமானாலும் இயக்கலாம். அரசு பயந்தது அறிவைப் பார்த்து அல்ல, அந்த அறிவு சாமானியரின் கையில் செயலாக மாறுவதைப் பார்த்து. நான் இங்கே சொல்ல வருவது ஒரே விஷயம்தான். அமெரிக்கப் பட்டியலிலிருந்து நம் டெல்லிப் பட்டியல்வரை ‘பாதுகாப்பு’ என்ற சொல்லுக்கு எழுவாய் அரசு மட்டுமே. மனிதர்கள் அந்த வாக்கியத்தில் செயப்படுபொருளாகக்கூட வருவதில்லை. அதனால்தான் குடிமக்களின் பூட்டு ஆயுதமாகிறது. அந்தப் பூட்டை உடைக்கிற கள்ளச்சாவி, வாங்குபவர் அரசாக இருக்கும்வரை, லைசென்ஸ் பெற்ற சரக்காகிறது.

2

அமெரிக்காவில் இந்தக் கதையை வெற்றிக் கதையாகத்தான் சொல்வார்கள். அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த ஃபிலிப் ஸிம்மர்மேன் 1991 ஜூனில் பி.ஜி.பி என்ற மென்பொருளை எழுதி இலவசமாக விட்டார். சாதாரண ஆட்கள் தங்கள் கடிதங்களைப் பூட்டிக்கொள்வதற்காக. அது தேச எல்லையைத் தாண்டிப் பரவியது. 1993 முதல் அமெரிக்கச் சுங்கத்துறை அவரை விசாரித்தது, 1996 ஜனவரியில் வழக்குப் போடாமலே கைவிட்டது. நடுவில், 1995இல், எம்.ஐ.டி பல்கலைக்கழகப் பதிப்பகம் அந்த மென்பொருளின் வரிகள் முழுவதையும் புத்தகமாகவே அச்சிட்டது. புத்தகத்தைத் தடுத்தால் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தோடு மோத வேண்டும். டானியல் பெர்ன்ஸ்டைன் என்ற ஆராய்ச்சி மாணவர் போட்ட வழக்கில் 1996இல் நீதிபதி மேரிலின் படேல் மென்பொருளின் மூல வரிகளும் ‘பேச்சு’தான் என்று சொன்னார். 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்ற அமர்வு ஒன்றும் பெர்ன்ஸ்டைன் பக்கமே நின்றது. 2000 ஜனவரியில் அமெரிக்க அரசு கட்டுப்பாட்டைப் பெருமளவு தளர்த்தியது.

‘நிரல் என்பது பேச்சு’ என்ற அந்த வாசகம் தாராளவாதிகளுக்கு வேதமாகிவிட்டது. அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பேச்சுரிமை அங்கே பேசுபவருக்கு உண்டு. கேட்பவர் அரியூரில் இருந்தால் அவர் அந்த உரிமையின் வாக்கியத்துக்குள் வரவே மாட்டார். பெர்ன்ஸ்டைனின் வெற்றி, ஓர் அமெரிக்கர் வெளியிடும் உரிமைக்குக் கிடைத்த வெற்றி. இந்தப் பக்கம் இருப்பவருக்குப் பூட்டு வைத்துக்கொள்ள உரிமை உண்டா என்று எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை. 2000ஆம் ஆண்டுத் தளர்வையும் உரிமையின் வெற்றியாக மட்டும் வாசிக்க முடியாது. வலுவான பூட்டு இல்லாமல் இணையத்தில் கடை போட முடியாது, வெளிநாட்டுக்காரன் அந்தச் சந்தையைப் பிடித்துவிடுவான் என்று மென்பொருள் கம்பெனிகள் வருஷக்கணக்கில் முறையிட்டுக்கொண்டிருந்தன. தத்துவம் பேசிய அளவுக்குத் துட்டும் பேசியது.

அதற்கு முன் நமக்கு வந்துகொண்டிருந்தது என்ன? ‘சர்வதேசப் பதிப்பு’. நெட்ஸ்கேப் உலாவியில் அமெரிக்கருக்கு 128 பிட் சாவி, மற்றவர்களுக்கு 40 பிட். ஒவ்வொரு பிட் கூடும்போதும் உடைக்கிற வேலை இரண்டு மடங்காகும். 40 பிட்டுக்குச் சாத்தியமான சாவிகள் ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி. பெரிய எண் மாதிரித் தோன்றும். கணிப்பொறிக்கு அது ஒன்றுமில்லை. 1995 ஆகஸ்டில் பிரான்சில் டாமியன் தொலிழே என்ற இளம் ஆய்வாளர் தன் நிறுவனத்தில் சும்மா கிடந்த கணிப்பொறிகளை வைத்து 8 நாளில் அப்படியொரு பூட்டைத் திறந்து காட்டினார். 128 பிட்டுக்குரிய சாவிகளின் எண்ணிக்கையை எழுத 39 இலக்கங்கள் வேண்டும். ‘சர்வதேச’ என்ற அழகான அடைமொழிக்கு உடைக்கத்தக்கது என்று பொருள்.

நம் அரசு இதைக் கண்டித்திருக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. 1990களின் கடைசியில் தனியாருக்கு இணையச் சேவை உரிமம் கொடுத்தபோது இந்தியத் தொலைத்தொடர்புத்துறை அதே 40 பிட்டைத் தன் குடிமக்களுக்கு எல்லையாக எழுதிவைத்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் அனுமதி வாங்கணும், சாவியையும் இரண்டாகப் பிரித்து ஒப்படைக்கணும். வெளியே அமெரிக்கா நம்மை உடைக்கத்தக்கவர்களாக வைத்தது, உள்ளே டெல்லியும் அப்படியே வைத்தது. 2001இல் ரிசர்வ் வங்கி இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் பூட்டு இருக்கவேண்டும் என்றது. பணத்துக்கு 128, மனிதப் பேச்சுக்கு 40. இந்திய அரசின் வர்க்க குணம் பற்றித் தோழர்கள் எழுதிய கனமான புத்தகங்களைவிட இந்த இரண்டு எண்கள் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றன.

3

எழுத்தை ஆயுதத்தோடு வைத்து எல்லையில் மறிப்பது அமெரிக்கர்கள் கண்டுபிடித்த ஒன்றல்ல. அரியூரிலிருந்து விழுப்புரம் பஸ்ஸில் போனால் கண்டமங்கலத்தில் தமிழ்நாடு, கொஞ்ச தூரத்தில் திருபுவனையில் மறுபடி புதுச்சேரி, மதகடிப்பட்டு தாண்டினால் திரும்பத் தமிழ்நாடு. ஒரே குவார்ட்டர் பாட்டில் இந்தப் பக்கம் விற்பனைப் பொருள், அந்தப் பக்கம் கடத்தல் பொருள். பாட்டிலில் ஒரு மாற்றமும் இல்லை. எல்லைதான் பொருளை உற்பத்தி செய்கிறது என்பது எங்கள் கொம்யூன்களில் கோட்பாடு படிக்காதவருக்கும் தெரிந்த கோட்பாடு.

இந்தக் குட்டி எல்லைகள் பிரெஞ்சுக்காரனும் வெள்ளைக்காரனும் விட்டுப்போனவை. 1908 அக்டோபரில் பாரதியின் ‘இந்தியா’ வாரப் பத்திரிகை சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. இங்கே அச்சடிக்கத் தடையில்லை. வாசகர்கள் இருந்ததோ எல்லைக்கு அந்தப் பக்கம். பிரிட்டிஷ் அரசு அச்சகத்தைத் தொடவில்லை, தொடவும் முடியாது. பத்திரிகை தன் நாட்டுக்குள் வரத் தடை போட்டது. 1910 மார்ச்சோடு ‘இந்தியா’ நின்றுபோனது. ஒரு பிரதியைக் கொல்ல அதை எரிக்கவேண்டியதில்லை, எல்லையில் நிறுத்தினால் போதும்.

இந்த முறைக்கு அதற்கும் 30 ஆண்டுகள் முன்பே அடித்தளம் போட்டாகிவிட்டது. 1878, லிட்டன் வைஸ்ராயாக இருந்த காலம். அந்த ஒரே ஆண்டில் மூன்று சட்டங்கள் வந்தன: தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம், ஆயுதச் சட்டம், கடல் சுங்கச் சட்டம். எழுத்து, ஆயுதம், எல்லை. காலனிய அரசின் மூளைக்குள் இந்த மூன்றும் ஒரே அலமாரியில் இருந்தன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பத்திரிகைச் சட்டம் ரிப்பன் காலத்திலேயே போய்விட்டது. கடல் சுங்கச் சட்டம் நிலைத்தது. அதன் 19ஆம் பிரிவை வைத்து வெளிநாட்டில் அச்சான ‘ராஜதுரோக’ நூல்களைத் துறைமுகத்திலேயே மடக்கினார்கள்.

சுதந்திர இந்தியா அலமாரியைக் காலி செய்யவில்லை. 1949இல் பிரெஞ்சிந்தியாவோடு இருந்த சுங்க ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, புதுச்சேரியைச் சுற்றிச் சுங்க வேலி போட்டுச் சரக்குகளை மறித்தது நேருவின் அரசுதான். விடுதலைக்காகத்தானே என்பார்கள், இருக்கட்டும், கருவி அதே கருவி. 1962இன் சுங்கச் சட்டம் பழைய பிரிவைப் புது எண்ணில், 11ஆம் பிரிவாக, வைத்துக்கொண்டது. 1988இல் சல்மான் ருஷ்டியின் ‘சாத்தானின் கவிதைகள்’ நாவலை இந்தியாவுக்குள் வராமல் தடுத்தது சுங்கத் தடைதான். 2024 நவம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த ஆணையைக் கேட்டபோது அரசால் அதைத் தேடி எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அப்படியோர் ஆணை இல்லை என்றே கொள்ளவேண்டியிருக்கிறது என்றது நீதிமன்றம். 36 ஆண்டுகள் ஒரு நாவலைத் தடுத்து நிறுத்திய பிரதி தானே காணாமல் போயிருந்தது.

ஆகவே மென்பொருளை ஆயுதப் பட்டியலில் சேர்த்ததைப் புதுயுகத்தின் விசித்திரமாகப் பார்க்க நமக்கு நியாயமில்லை. கருவி மாறியிருக்கிறது, அலமாரி பழசு.

4

இந்தியாவில் இடதுசாரிகளும் தேசியவாதிகளும் இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேசுவார்கள்: ஏகாதிபத்தியம் நமக்குத் தொழில்நுட்பத்தை மறுக்கிறது, ஆகவே சுயசார்பு. அதற்கு ஆதாரமும் உண்டு. 1980களின் நடுவில் இந்தியா கேட்ட க்ரே எக்ஸ்.எம்.பி-24 சூப்பர் கணிப்பொறியை அணு ஆயுத ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திவிடுவார்கள் என்று அமெரிக்கா மறுத்தது. வானிலைக் கணிப்புக்கு மட்டும் என்று அதைவிடச் சிறிய ஒன்றைக் கொடுத்தது. 1988இல் புனேயில் சி-டாக் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1991இல் ‘பரம் 8000’ வந்தது. 1998 மே மாத அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு இஸ்ரோ, டி.ஆர்.டி.ஓ உள்பட நிறையப் பெயர்கள் அமெரிக்காவின் தடைப்பட்டியலில் ஏறின. 2011இல்தான் பல இறங்கின. ஜஸ்வந்த் சிங் 1998இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே இந்த ஒதுக்கலை ‘அணுசக்தி அபார்தைட்’ என்றது. அணுகுண்டு வைத்துக்கொள்ள விடாதது ஒதுக்கல் என்றால், ஊர்த்தெருவுக்கும் சேரிக்கும் நடுவே நிற்கிற கோட்டுக்கு இந்த வெளியுறவுக்காரர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்? ஒடுக்கப்பட்டவரின் சொல்லை அரசு தனக்கு எடுத்துப் போட்டுக்கொள்ளும்போது கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது.

ஒதுக்கப்பட்டதாகச் சொன்ன அரசு அப்புறம் என்ன செய்தது? பனிப்போர்க் கால ‘கோகோம்’ கலைந்த பிறகு 1996இல் வாஸ்ஸனார் ஏற்பாடு என்ற பணக்கார நாடுகளின் சங்கம் உருவானது. ஆயுதங்கள், ராணுவம்-சிவில் இரண்டுக்கும் உதவக்கூடிய பொருள்கள், இவற்றின் ஏற்றுமதியை உறுப்பு நாடுகள் ஒரே பட்டியலின்படி கட்டுப்படுத்தும். 2017 டிசம்பரில் இந்தியா அதன் 42ஆவது உறுப்பினரானது. அதற்குத் தகுதியாக, அந்த ஆண்டு ஏப்ரலிலேயே நம் ‘ஸ்கோமெட்’ பட்டியலின் எட்டாம் வகையை வாஸ்ஸனார் அயிட்டங்களால் நிரப்பினார்கள். ‘தகவல் பாதுகாப்பு’ என்ற தலைப்பில் மறையாக்கமும் அதில் இருக்கிறது. சங்கத்தில் சேர்க்கவில்லை என்று வாசலில் நின்று கத்தியவர், உள்ளே இடம் கிடைத்ததும் அதே வாசலுக்குக் காவல்காரரானார்.

அந்த 2017 ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2015 செப்டம்பரில், மத்திய அரசு ஒரு ‘தேசிய மறையாக்கக் கொள்கை’ வரைவை வெளியிட்டிருந்தது. பூட்டிய செய்தியின் பூட்டாத வடிவத்தைக் குடிமக்கள் 90 நாள் பத்திரமாக வைத்திருந்து, கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே வாபஸ். எழுதிய கை மட்டும் வாபஸ் ஆகவில்லை. ஒரு அரசு தன் குடிமக்களிடம், கடிதத்தை ஒட்டுவதற்கு முன் எனக்கொரு நகல் எடுத்து வை என்று கேட்கிறது. தொழில்நுட்பச் சுயசார்பு என்ற சொல்லாடல் இந்த இடத்தில் நம்மைக் கைவிட்டுவிடுகிறது. சாவிக்கொத்து வாஷிங்டன் இடுப்பிலிருந்து டெல்லி இடுப்புக்கு மாறுவதை விடுதலை என்று கொண்டாட நமக்கு என்ன இருக்கிறது?

5

இதுவரை பேசியது பூட்டைப் பற்றி. கள்ளச்சாவிக்கு வருவோம்.

2011இல் அரபு நாடுகளில் மக்கள் எழுந்தபோது, அங்கிருந்த சர்வாதிகாரிகளுக்கு உளவு மென்பொருள் விற்றது ஐரோப்பியக் கம்பெனிகள் என்பது அம்பலமானது. அந்தக் கூச்சலின் விளைவாக 2013 டிசம்பரில் வாஸ்ஸனார் பட்டியலில் ‘ஊடுருவும் மென்பொருள்’ சேர்ந்தது. மனித உரிமைக்காரர்கள் வரவேற்றார்கள். அதன் வாசகத்தைக் கொஞ்சம் நிறுத்தி வாசித்தால் ஒரு வேடிக்கை தெரியும். கண்காணிப்புக் கருவிகளுக்குச் சிக்காமல் கணிப்பொறிக்குள் புகுந்து, தகவலை எடுப்பது அல்லது அதன் இயக்கத்தை மாற்றுவது என்று ஊடுருவும் மென்பொருளுக்கு இலக்கணம் சொல்லியிருக்கிறார்கள். கட்டுப்பாடோ அதன்மேல் இல்லை. அதை உருவாக்கவும் ஏவவும் கட்டளையிடவும் பயன்படும் அமைப்புகளின்மேல்தான். உங்கள் போனுக்குள் வந்து உட்காரும் பூச்சி பட்டியலுக்கு வெளியே. அதை ஏவும் எந்திரம் பட்டியலுக்கு உள்ளே. அந்த எந்திரத்துக்கும் ‘கட்டுப்பாடு’ என்றால் ‘தடை’ என்று பொருளில்லை, லைசென்ஸ் என்று பொருள். லைசென்ஸ் கேட்பவரிடம் அரசு கேட்கும் கேள்வி, வாங்குபவர் நமக்கு நட்பா என்பது. யாருடைய போனில் அது போய் இறங்கும் என்பது அந்தப் படிவத்தின் மையத்தில் இல்லை.

இந்த இடைவெளியில் இன்னொரு கொடுமையும் நடந்தது. மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்து, அதைச் சரிசெய்யச் சொல்லி எல்லை தாண்டிய சக ஆய்வாளருக்கு எழுதுகிறவர்களும் இந்த வாசகத்தில் மாட்டினார்கள். 2015இல் அமெரிக்கா இதை விதியாக்க முனைந்தபோது அவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2017இல்தான் வாஸ்ஸனார் அவர்களுக்கு விலக்கு எழுதியது. ஓட்டையை அடைப்பவரை நான்கு ஆண்டு பயமுறுத்திய பட்டியல், ஓட்டையை விற்றவருக்கு அந்த நான்கு ஆண்டும் லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தது.

பெகாசஸ் விவகாரம் நம் எல்லோருக்கும் தெரியும். இஸ்ரேலின் என்.எஸ்.ஓ நிறுவனம் அதை அரசுகளுக்கு மட்டுமே, இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஏற்றுமதி அனுமதியோடு, விற்பதாகத் தானே சொல்லியிருக்கிறது. அதாவது ஏற்றுமதிக் கட்டுப்பாடு மீறப்படவில்லை, ஒழுங்காக வேலை செய்தது. 2019இல் வாட்ஸ்அப் வழியாக உலகெங்கும் சுமார் 1,400 போன்கள் தாக்கப்பட்டன, அவற்றில் இந்திய வழக்கறிஞர்கள், செயல்பாட்டாளர்களின் போன்களும் உண்டு. 2021 ஜூலையில் இன்னும் பெரிய பட்டியல் ஒன்று வெளிவந்தது. அதில் 300க்கும் மேற்பட்ட இந்திய எண்கள் உறுதிசெய்யப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. வாங்கினாயா இல்லையா என்ற ஒற்றைக் கேள்விக்கு இந்திய அரசு நேரான பதில் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் அக்டோபரில் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வையில் குழு போட்டது. 29 போன்களைச் சோதித்ததில் ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தானா என்று உறுதி சொல்ல முடியவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி வாசித்தார்.

2021 நவம்பரில் அமெரிக்கா என்.எஸ்.ஓவைத் தன் தடைப்பட்டியலில் ஏற்றியது. 2024 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று என்.எஸ்.ஓதான் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைப் போட்டது உளவு பார்க்கப்பட்டவர்கள் இல்லை, வாட்ஸ்அப் கம்பெனி. தன் சர்வருக்குள் அத்துமீறி நுழைந்ததற்காக. சொத்துள்ளவரின் வேலி தாண்டியதற்கு நீதி உண்டு. வேலிக்குள் இருந்த ஆட்களின் பேச்சு அந்த வழக்கில் பின்னணித் தகவல்.

6

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று 1980களின் கடைசியிலும் 90களிலும் தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் நிறைய எழுதினோம், நிறையச் சண்டை போட்டோம். பார்த் சொன்னதைப் பிடித்துக்கொண்ட அளவுக்கு ஃபூக்கோ 1969இல் சொன்னதைப் பிடித்துக்கொள்ளவில்லை. எழுத்துக்காக யாரையாவது தண்டிக்க முடியும் என்று ஆனபோதுதான் பிரதிகளுக்கு ஆசிரியர் என்று ஒருவர் நிஜமாகவே தேவைப்பட்டார் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆசிரியர் என்பவர் முதலில் இலக்கியத்துக்குத் தேவைப்படவில்லை, போலீசுக்குத் தேவைப்பட்டார்.

2018இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கை இதோடு சேர்த்து வாசிக்கலாம். சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கேட்டு ஆரம்பித்தது, போகப்போக வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக மாறியது. முடியும், ஒவ்வொரு செய்தியோடும் முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் சேர்த்தனுப்பலாம் என்று சென்னை ஐ.ஐ.டி பேராசிரியர் வி. காமகோடி கருத்துக் கொடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசின் விதிகளில் ‘முதலில் அனுப்பியவர்’ சட்டப்பூர்வமான ஆளாகவே பிறந்துவிட்டார். கோட்பாட்டில் நாம் கொன்ற ஆசிரியரை அரசு உயிர்ப்பித்துக் கூண்டில் நிறுத்துகிறது.

இதன் மறுபக்கம் இன்னும் பயங்கரமானது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்டின் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சாமி 2020 அக்டோபரில், 83 வயதில், பீமா கோரேகாவ் வழக்கில் கைது செய்யப்பட்டார். பார்க்கின்சன் நோயாளி. 2021 ஜூலை 5 அன்று மும்பை ஆஸ்பத்திரியில், கைதியாகவே, இறந்துபோனார். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் அர்செனல் கன்சல்டிங் என்ற கணிப்பொறித் தடயவியல் நிறுவனம் அவருடைய கணிப்பொறியின் நகலை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. 2014 முதல் 2019 வரை வெளியாள் ஒருவர் அதற்குள் இருந்திருக்கிறார், அவருக்கு எதிரான சாட்சியமாகக் காட்டப்பட்ட கோப்புகள் வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்கப்பட்டவை என்றது. ரோனா வில்சனின் கணிப்பொறி பற்றி 2021 பிப்ரவரியிலேயே இதே மாதிரி சொல்லியிருந்தது. தேசியப் புலனாய்வு முகமை இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை. ஸ்டான் சாமியின் ஆயுளுக்குள் எந்த நீதிமன்றமும் இந்தக் கேள்வியைத் தீர்க்கவில்லை.

அறிக்கை சொல்வது சரியென்றால், ஒரு மனிதர் தான் எழுதாத, திறந்துகூடப் பார்க்காத பிரதிகளுக்கு ஆசிரியராக்கப்பட்டு, அந்த ஆசிரியத்துவத்தைச் சுமந்துகொண்டே செத்திருக்கிறார். ஆசிரியனின் மரணம் என்ற தொடரை இனிமேல் நான் அவ்வளவு லேசாக எழுத மாட்டேன்.

இந்தக் காரியத்துக்குப் பயன்பட்டதாக அர்செனல் சொன்ன மென்பொருள் நெட்வயர். பெகாசஸ் மாதிரிக் கோடிக்கணக்கில் விலை வைத்து அமைச்சகத்தின் முத்திரையோடு விற்ற சாமான் இல்லை. வலைத்தளத்தில் யாரும் சில்லறை விலைக்கு வாங்கக்கூடியதாக இருந்தது. 2023 மார்ச்சில்தான் அந்தத் தளத்தைப் போலீஸ் முடக்கியது. இத்தனை தேசங்கள் கூடி, இத்தனை பக்கங்களுக்குப் பட்டியல் எழுதி, எண்போட்டுக் காத்துக்கொண்டிருந்த வாசலுக்குப் பக்கத்திலேயே சுவர் இல்லாமல் இருந்திருக்கிறது.

7

அப்படியானால் ஏற்றுமதிக் கட்டுப்பாடே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பார்கள். உளவு மென்பொருள் விற்பனைக்கு உலகளாவிய தடை கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கேட்கட்டும், நாமும் சேர்ந்து கேட்போம். நான் சொல்வது, விற்பவரின் வாசலில் வைக்கிற காவல் வாங்குபவரின் வீட்டுக்குள் நடப்பதைத் தடுக்காது என்பது. நம் வீட்டில் சட்டம் எப்படி இருக்கிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு விதிகளின்படி ஒட்டுக்கேட்க உத்தரவு போடுபவர் உள்துறைச் செயலாளர். அதைச் சரிபார்ப்பது அதிகாரிகளின் குழு. எந்தக் கட்டத்திலும் நீதிபதி இல்லை. உன்னை இத்தனை நாள் கேட்டோம் என்று பிறகாவது சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லவேண்டும் என்ற விதியும் இல்லை. நீதிபதியின் முன்னனுமதி, கேட்கப்பட்டவருக்குத் தகவல், எந்த உளவுக் கருவியை அரசு வாங்கியது என்று சட்டமன்றத்துக்குக் கணக்கு, இந்த மூன்றும் இல்லாதவரை வாஸ்ஸனார் பட்டியலில் இன்னும் நூறு அயிட்டம் சேர்த்தாலும் நமக்குப் பயன் இல்லை.

தீவிரவாதியும்தானே பூட்டுப் போடுவான் என்ற கேள்வியும் வரும். போடுவான். அவனுக்காகப் பலவீனமாக்கிய பூட்டு அவனுக்கு மட்டும் பலவீனமாக இருக்காது. தொழிற்சங்கக்காரருக்கும், வீட்டை விட்டு ஓடிவந்த கலப்புமணத் தம்பதிக்கும், புருஷனின் அடிக்குப் பயந்து தங்கச்சிக்குச் செய்தி அனுப்புகிற பெண்ணுக்கும் சேர்த்தே பலவீனமாகும். தொலிழேயின் 8 நாள் காட்டியது அதைத்தான். இன்னொன்றையும் சொல்லிவிடணும். 2016இல் வாட்ஸ்அப் முழுமையான பூட்டுப் போட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். அந்தப் பூட்டு ஒரு அமெரிக்கக் கம்பெனியின் பூட்டு. என்ன பேசினாய் என்பதை மறைக்கும், யாரோடு எப்போது பேசினாய் என்பது அவர்கள் கணக்கில் இருக்கும். பூட்டுத் தொழிலையும் மூலதனத்திடம் விட்டுவிட்டு அந்தரங்கம் பேசுவது பாதிப் பேச்சு.

நம் பக்கத்தில் மாறவேண்டியதும் உண்டு. ‘மடியில் கனமில்லை, வழியில் பயமென்ன’ என்று இயக்கத்தோழர்களே சொல்லக் கேட்கிறேன். மறைப்பது குற்றவாளியின் வேலை என்று அரசு கட்டமைத்த அர்த்தத்தை எதிர்ப்பவர்களும் விழுங்கியிருக்கிறார்கள். எழுத்தாளர்கள் இன்னும் ஒரு படி மேலே: எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டோம் என்பதே நமக்கு ஒரு அறம். தமிழ் இலக்கணம் அப்படிச் சொல்லவில்லை. நன்னூல் தகுதி வழக்கில் இடக்கரடக்கல், மங்கலத்தோடு குழூஉக்குறியையும் சேர்த்தே வைக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள் என்று உரைகள் உதாரணம் காட்டும். ஒரு கூட்டம் தனக்குள் புரிகிறபடியும் வெளியாருக்குப் புரியாதபடியும் பேசிக்கொள்வது வழுவில்லை, தகுதியான வழக்கு. அதற்கு அரசனிடம் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்று பவணந்தி எழுதவில்லை.

டெல்லியின் அடுத்த மறையாக்கக் கொள்கை எந்தப் பெயரில், எந்தப் பட்டியலின் எந்த வகையில் வரும் என்று சொல்ல முடியாது. வரும்போது அது ‘தேசப் பாதுகாப்பு’ என்றே தொடங்கும். அந்த வாக்கியத்தில் யாருடைய பாதுகாப்பு என்ற இடத்தில் நம்மில் ஒருவராவது இருக்கிறாரா என்று முதல் நாளே தேடிப் பார்க்கிற வாசிப்புப் பழக்கம் நமக்கு வேண்டும். 2015இல் சில நாட்களில் வாபஸ் வாங்க வைத்தது அப்படி வாசித்தவர்கள்தான்.